சீன வாள்வீச்சுப் படங்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி: காட்சிக்குள் கதையைத் தேடும் முறை

சீனாவின் அரச காலங்களில் நடக்கும் வாள்வீச்சுப் படங்களை, வூஷியா என்று அழைக்கப்படும் அந்த வகையை, புதிதாகப் பார்க்கிறவர்களில் பலர் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள்: கண்ணுக்கு விருந்துதான், ஆனால் கதை ஒன்றும் இல்லை. சில படங்களுக்கு இந்தத் தீர்ப்பு முற்றிலும் பொருந்தும். ஆனால் பல நேரங்களில் குறை படத்தில் இருப்பதில்லை. இருபது நிமிடம் வெட்டப்பட்ட பிரதியிலும், இரு பக்கமும் நறுக்கப்பட்ட திரையிலும், பெயர்களைக் குழப்பும் துணைத்தலைப்பிலும் இருக்கிறது. இவை மூன்றும் சரியாக அமைந்த பிறகும், கதை வசனத்தில் வரும் என்று காத்திருப்பவருக்கு அது அகப்படாது. ஏனென்றால் இந்த வகையின் நல்ல படங்களில் கதையின் பெரும்பகுதி சண்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

நான் இந்தப் படங்களுக்குள் நுழைய முயன்ற காலத்தில் தேடிக் கிடைத்தவையெல்லாம் 'தவறவிடக் கூடாத பத்துப் படங்கள்' என்ற மாதிரியான பட்டியல்கள்தான். எந்தப் பிரதியை எடுப்பது, எதை முதலில் பார்ப்பது, எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்குவது என்று சொல்வார் இல்லை. அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்த வகை எப்படித் தோன்றியது, எந்த நாவலிலிருந்து வந்தது என்ற வரலாறு இங்கே வராது. அது இல்லாமலே தொடங்கலாம்.

1. முதல் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் படமாக ஆங் லீ இயக்கி 2000இல் வெளியான 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதன் நீளம் 120 நிமிடம். ஒரு வாள் திருட்டுப்போகிறது, திருடியது யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, அந்த வாளைத் திரும்பப் பெறும் முயற்சியில் நான்கு பேருடைய வாழ்க்கை கலைகிறது. கதையின் நூல் கையை விட்டு நழுவாது. அதே சமயம் சண்டைக் காட்சிகளும் முழு வீச்சில் இருக்கின்றன. சிறந்த வெளிநாட்டுப் படம், ஒளிப்பதிவு, கலை இயக்கம், இசை என நான்கு ஆஸ்கர் விருதுகளை இது பெற்றது. விருதுக்காக இதைப் பரிந்துரைக்கவில்லை. பேச்சிலிருந்து சண்டைக்கும் சண்டையிலிருந்து பேச்சுக்கும் கதை எப்படிக் கைமாறுகிறது என்பதைப் புதியவருக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

முதல் படமாக எடுக்கக் கூடாதவை இரண்டு வகை. சாங் யிமோவின் 'கர்ஸ் ஆஃப் த கோல்டன் ஃப்ளவர்' (2006) போல, எடுத்த எடுப்பிலேயே தங்க நிறத்தால் கண்ணைக் கூசவைக்கும் படங்கள் ஒரு வகை. ஹூ ஷியாவ்-ஷியென் இயக்கிய 'தி அசாசின்' (2015) போல, கதையைச் சொல்லாமல் கசியவிடும் படங்கள் இன்னொரு வகை. முன்னதைப் பார்த்தால் இந்த வகை முழுவதுமே ஜரிகை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பின்னதைப் பார்த்தால் தூங்கிவிடுவீர்கள். இரண்டும் நல்ல படங்கள் என்பதே என் கருத்து, ஆனால் அவற்றுக்கு உரிய இடம் வேறு.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தப் படங்களில் மனிதர்கள் கூரை மேல் ஓடுவார்கள், நீரின் மேல் கால் பதிப்பார்கள், மூங்கில் நுனியில் நிற்பார்கள். இது மந்திரமும் அல்ல, இயக்குநரின் கவனக்குறைவும் அல்ல. நீண்ட பயிற்சியால் உடலை இலேசாக்கிக்கொள்ளலாம் என்பது இந்தக் கதையுலகின் ஒப்பந்தம். நம் படங்களில் காதலர்கள் திடீரென்று பாடத் தொடங்கும்போது இசைக்குழு எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாம் கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். 'ரோப் தெரிகிறதா' என்று தேடுவதை முதல் பத்து நிமிடங்களுக்குள் விட்டுவிட்டால் மீதிப் படம் திறக்கும்.

2. பிரதியைச் சரிபாருங்கள்

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். பணம் கட்டுவதற்கு முன்பும் பார்க்க உட்காருவதற்கு முன்பும் இயக்குநர் பெயர், வெளியான ஆண்டு, நீளம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தின் பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஏமாற்றம்தான். 'ஹீரோ' என்று தேடினால் சாங் யிமோவின் 2002ஆம் ஆண்டுப் படத்துக்கு முன்னால் நம் சிவகார்த்திகேயன் வந்து நிற்பார். கிங் ஹூ இயக்கிய 'டிராகன் இன்' 1967இல் வந்தது. அதற்கு 'டிராகன் கேட் இன்' என்ற பெயரும் உண்டு. அதையே மீண்டும் எடுத்த 'நியூ டிராகன் கேட் இன்' 1992இலும், ஜெட் லீ நடித்த 'ஃப்ளையிங் ஸ்வோர்ட்ஸ் ஆஃப் டிராகன் கேட்' 2011இலும் வந்தன. மூன்றும் ஒரே விடுதியைச் சுற்றி வருபவை, மூன்றும் வெவ்வேறு படங்கள்.

நிமிடக் கணக்கு இன்னும் முக்கியமானது. வோங் கார்-வாயின் 'தி கிராண்ட்மாஸ்டர்' (2013) சீனாவில் 130 நிமிடமாகவும், பெர்லின் திரைப்பட விழாவில் 123 நிமிடமாகவும், அமெரிக்காவில் 108 நிமிடமாகவும் காட்டப்பட்டது. அமெரிக்கப் பிரதியில் நீளம் குறைந்தது மட்டுமல்ல. நிகழ்ச்சிகள் நேர்வரிசையாக்கப்பட்டு, இடையிடையே விளக்க எழுத்துகளும் சேர்க்கப்பட்டன. கதை எளிதில் புரிய வேண்டும் என்று செய்த வேலைதான், ஆனால் நினைவு எப்படி முன்னும் பின்னுமாக அலைகிறது என்பதே கதையாக இருந்த படத்தில் அந்த அலைச்சலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சண்டைகளின் தொகுப்பு. ஜான் வூவின் 'ரெட் கிளிஃப்' (2008–09) வூஷியாவைவிடப் போர்ப் படம் என்ற வகையில்தான் சேரும். என்றாலும், ஆசியாவில் இரண்டு பாகங்களாக ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம் ஓடிய அந்தப் படம், மேற்கு நாடுகளில் ஒரே பாகமாக ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் நிமிடத்தைப் பார்க்காமல் இனி எதையும் வாங்க மாட்டீர்கள். 'ஹீரோ' விஷயத்தில் இந்தக் கவலை குறைவு: திரையரங்கப் பிரதி 99 நிமிடம், நீட்டிய பிரதி 107 நிமிடம், முதல் முறைக்கு எதுவானாலும் சரி.

தமிழ் டப்பிங் என்ற பெயரில் இணையத்தில் சுற்றும் இலவசப் பிரதிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். பெயர் மாற்றப்பட்டிருக்கும், பேச்சு குறைந்த காட்சிகள் 'இழுவை' என்று நீக்கப்பட்டிருக்கும், மௌனமாக விடப்பட்ட இடங்களில் யாராவது நகைச்சுவை பேசுவார்கள். பதிப்புரிமைப் புகாரிலிருந்து தப்புவதற்காகப் படத்தை இடவலமாகப் புரட்டிப் போடுவதும் உண்டு. எல்லா வீரர்களும் இடக்கையால் வாள் பிடித்திருந்தால் உடனே மூடிவிடுங்கள். ஆங்கில டப்பிங்கையும் தவிர்த்துவிட்டு மூலமொழி ஒலியோடு துணைத்தலைப்பை வைத்துப் பார்ப்பதே நல்லது. மூச்சும் தயக்கமும் குரலில் இருக்கின்றன, அவையும் கதைதான்.

3. பெயர்த் தாளைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படங்களுக்கு வேண்டிய ஒரே ஆவணம் இதுதான். அரைத் தாள் போதும். முதன்மைப் பாத்திரங்கள் ஐந்தாறு பேர், அவர்கள் யாருக்கு என்ன உறவு, யார் எந்தப் பக்கம் என்பதை மட்டும் எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிடும் கதைச் சுருக்கங்களைப் படிக்காதீர்கள். ஒரே பாத்திரத்தின் பெயரை ஒரு துணைத்தலைப்பு ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் எழுதும் என்பதால், பெயரோடு அடையாளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'பச்சை வாளின் சொந்தக்காரர்', 'ஆளுநரின் மகள்' என்பதுபோல.

'ஹீரோ' படத்துக்குப் பெயர்களைவிட நிறங்களை எழுதி வைப்பது பயன் தரும். பெயரற்ற வீரன் அரசனிடம் சொல்லும் கதை சிவப்பில் வருகிறது. அதை நம்பாத அரசன் தானே ஊகித்துச் சொல்வது நீலத்தில் வருகிறது. உண்மையில் நடந்தது வெள்ளை, அதற்கும் முந்தைய நினைவுகள் பச்சை. இந்த நான்கு வரிகள் கையில் இருந்தால், ஒரே ஆட்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஆடையில் வந்து வேறு காரணத்துக்காகச் சாவது ஏன் என்ற குழப்பம் வராது. அங்கே ஆடையின் நிறம்தான் 'இதை யார் சொல்கிறார்' என்று நமக்கு அறிவிக்கிறது. வசனத்தில் அப்படி ஒரு அறிவிப்பு கிடையாது.

'தி அசாசின்' படத்துக்குத் தாள் இல்லாமல் உட்காரவே வேண்டாம். தாங் வம்ச காலத்தில், பேரரசுக்கு அடங்க மறுக்கும் வெய்போ மாகாணத்தின் ஆளுநரைக் கொல்லும்படி ஒரு பெண் அனுப்பப்படுகிறாள். அவன் அவளுடைய உறவினன், ஒரு காலத்தில் அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டவன். இது வரை எளிது. சிக்கல் என்னவென்றால், அவளை வளர்த்த துறவியும் அந்தத் துறவியின் இரட்டைச் சகோதரியான இளவரசியும் ஒரே நடிகை. ஆளுநரின் மனைவியும் முகமூடி அணிந்து வரும் கொலைகாரியும் இன்னொரு ஒரே நடிகை. இதில் முதலாவது இரட்டையர் என்பதால், இரண்டாவது வேறு காரணத்துக்காக. படம் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

4. திரையைச் சரிசெய்யுங்கள்

ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது. தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ரோப்பில் பறக்கும் உடல்கள் பொம்மைபோலத் தெரியும். 'விவிட்' என்ற நிற அமைப்பையும் எடுத்துவிடுங்கள். சாங் யிமோவின் 'ஷேடோ' (2018) படத்தில் அரங்கமும் உடைகளும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களிலேயே செய்யப்பட்டன; நிறமாக இருப்பவை பெரும்பாலும் தோலும் ரத்தமும்தான். விவிட் அமைப்பில் அந்தச் சாம்பல் நீலமாகிவிட்டால் படத்தின் கருத்தே போய்விடும்.

அடுத்து ஓரங்கள். 'ஹீரோ', 'டிராகன் இன்' போன்றவை அகலத்திரைப் படங்கள் என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்தாக வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுவதும் நிறைந்திருந்தால் இரு பக்கமும் வெட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். கிங் ஹூவின் விடுதிக் காட்சிகளில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் மறு ஓரத்தில் உள்ளவனைக் கவனிப்பதுதான் நிகழ்ச்சியே. ஓரம் போனால் கதை போயிற்று. 'தி அசாசின்' இதற்கு நேர்மாறானது. அதன் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம், ஆகவே பட்டைகள் இடமும் வலமும் வரும். யாராவது ரிமோட்டை எடுத்து 'ஜூம்' அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய ஹாங்காங் படங்களைப் பார்க்கலாம், சாங் யிமோவையும் ஹூ ஷியாவ்-ஷியெனையும் பார்க்கக் கூடாது.

5. சண்டையைப் பார்க்கும் முறை

இனி வருவதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு பெரிய சண்டையின்போதும் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்திருங்கள். இந்த இருவரில் யாருக்கு எது வேண்டும்? அதை அடைய அவர்கள் உடலை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? சண்டை முடிந்த பிறகு அவர்களுக்குள் இருந்த உறவு பழைய இடத்திலேயே இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வந்தால் அந்தச் சண்டை அலங்காரம். 'இல்லை' என்றால் அதற்குள் கதை நடந்திருக்கிறது.

'க்ரௌச்சிங் டைகர்' படத்தின் முதல் சண்டையில் இதைப் பழகிப் பாருங்கள். படம் தொடங்கிக் கால் மணி நேரம் வரை சண்டையே கிடையாது. அந்த நேரம் முழுவதும் ஷூ லியென் என்ற நடுவயதுப் பெண்ணையும், ஜென் என்ற ஆளுநரின் மகளையும் தேநீர் நேரப் பேச்சுகளில் அறிமுகப்படுத்துவதற்கே செலவாகிறது. பிறகு நள்ளிரவில் முகத்தை மூடிய திருடி ஒருத்தி வாளோடு கூரைகளின் மேல் ஓட, ஷூ லியென் துரத்துகிறாள். இசையமைப்பாளர் டான் டுன் அங்கே தாள வாத்தியங்களை மட்டுமே ஒலிக்கவிடுகிறார். இருவரும் தரைக்கு வந்த பிறகு கால்களைக் கவனியுங்கள். திருடி ஒவ்வொரு முறை மேலே எழும்பப் பார்க்கும்போதும் ஷூ லியென் அவள் பாதத்தை மிதிக்கிறாள், உடையைப் பற்றி இழுக்கிறாள், தரையோடு சேர்த்துப் பிடித்து வைக்கிறாள். ஒருத்தி பறந்துவிடத் துடிக்கிறாள், இன்னொருத்தி கடமையும் கட்டுப்பாடும் தெரிந்தவளாக அவளைத் தரையில் நிறுத்தப் பார்க்கிறாள். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த இருவருக்குள் நடக்கப்போவது முழுவதும் இந்தக் கால்களில் இருக்கிறது. ஒரு வார்த்தைகூட யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்னால் பயிற்சிக்கூடத்தில் இதே இருவரும் வெளிப்படையாக மோதும்போது ஆயுதங்களைக் கவனியுங்கள். ஜென்னிடம் எதையும் வெட்டும் அந்தப் பச்சை வாள் ஒன்றுதான் இருக்கிறது. ஷூ லியெனோ இரட்டை வாள், ஈட்டி, கொக்கி வாள் என்று ஒன்று போனால் ஒன்றாக எடுக்கிறாள். தூக்க முடியாத கனமுள்ள ஒன்றை எடுத்துவிட்டுக் கீழே விடும் இடத்தில் சிரிப்பும் வரும். கடைசியில் முறிந்துபோன வாளின் மிச்சத்தை ஜென்னின் கழுத்தில் வைத்து நிறுத்துகிறாள். வென்றவள் கையை நிறுத்திக்கொள்கிறாள், தோற்றவள் அந்த நொடியைப் பயன்படுத்தி அவள் கையை வெட்டுகிறாள். அக்கா தங்கையாகப் பழகிய உறவு அந்த வெட்டோடு முடிகிறது. சண்டை இயக்குநர் யுவென் வூ-பிங் இதை ஒரு ஆயுதக் கண்காட்சியாக மட்டும் அமைத்திருந்தாலும் கைதட்டல் வந்திருக்கும்.

'ஹீரோ' படத்தின் ஏரிச் சண்டை, காட்சிக்காகவே எடுக்கப்பட்டது என்று அதிகம் பழிக்கப்படும் இடம். ஜியுஜாய்கோ பள்ளத்தாக்கில், கண்ணாடிபோல அசையாத நீரின் மேல் இருவர் பறந்து பறந்து வாள் வீசுகிறார்கள். அங்கே ஒரு மண்டபத்தில் ஃப்ளையிங் ஸ்னோ என்ற பெண்ணின் உடல் கிடக்கிறது. மூன்று கேள்விகளில் முதலாவதைக் கேளுங்கள்: இவர்களுக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். இது இறந்தவளுக்குச் செய்யும் அஞ்சலி, மனத்துக்குள் நடக்கும் சண்டை. ஒரு நீர்த்துளி தெறித்து அவள் முகத்தில் விழுகிறது. சண்டையிடும் இருவரில் ஒருவனும் அவளுடைய காதலனுமான ப்ரோக்கன் ஸ்வோர்ட் சண்டையை விட்டுவிட்டு அதைத் துடைக்கப் போகிறான். எதிராளியான பெயரற்ற வீரன் அந்த நேரத்தில் அவனைக் குத்தாமல் வாளைத் திருப்பிக்கொள்கிறான். கிறிஸ்டோஃபர் டாயிலின் ஒளிப்பதிவில் ஏரியே கண்ணை நிரப்பிவிடுவதால் பலருக்கு அந்தத் துளி தெரிவதில்லை. இதில் பார்வையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்; அழகு அளவுக்கு மிஞ்சிப்போனால் கதையை மறைக்கத்தான் செய்யும்.

'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ்' (2004) படத்தில் கண் தெரியாத நடனப் பெண்ணைச் சுற்றி முரசுகளை வட்டமாக நிறுத்தி, காவல் தலைவன் ஒருவன் அவரைப் பருப்புகளை முரசுகளின் மேல் எறிகிறான். எந்த வரிசையில் ஒலி வந்ததோ அதே வரிசையில் அவள் நீண்ட சட்டைக்கையை வீசி முரசுகளை அடிக்க வேண்டும். முதலில் ஒரு பருப்பு, பிறகு சில, கடைசியில் கிண்ணம் முழுவதும். இதை முதல் முறை வித்தையாகவே ரசியுங்கள். படத்தை முடித்த பிறகு இந்தக் காட்சிக்கு மட்டும் திரும்பி வந்து, யார் யாருக்காக நடிக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு மேல் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' (1971) இதற்கெல்லாம் மூத்தது, இன்றும் இதைத் தாண்டியவர் குறைவு. ஓவியம் எழுதிப் பிழைக்கும் ஒரு படிப்பாளி, பேய் உலவுவதாக ஊரார் நம்பும் பாழடைந்த கோட்டையில் பொறிகளை அமைத்து, பேய் வந்ததுபோல் காட்டி எதிரிகளை அழிக்க உதவுகிறான். அந்த இரவு முழுவதும் புகையும் நிழலும் ஓலமுமாகக் காட்சி விளையாட்டு. மறுநாள் காலையில் அவன் தன் பொறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தன் மூளையை மெச்சி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நடக்கிறான். பிறகு கால் மாட்டில் கிடக்கும் பிணங்கள் அவன் கண்ணில் படுகின்றன. நேற்றிரவு நாமும் அவனோடு சேர்ந்து ரசித்தோம் என்பதால் அந்த இடத்தில் நம் சிரிப்பும் சேர்ந்தே அடங்குகிறது.

6. 'வெறும் காட்சி' என்று எப்போது சொல்லலாம்

மேலே சொன்ன கேள்விகளைக் கேட்ட பிறகும் விடை வராத படங்கள் உண்டு. அவற்றை ஏதோ ஆழமான பொருள் இருப்பதாக நினைத்துச் சுமக்க வேண்டியதில்லை. சென் காய்கே இயக்கிய 'தி ப்ராமிஸ்' (2005) பெரும் பொருட்செலவில் கணினி வரைகலையை நம்பி எடுக்கப்பட்டது. சீனப் பார்வையாளர்களே அதன் கதையை ஏற்கவில்லை. ஹூ கே என்ற இளைஞர் அந்தப் படத்தின் காட்சிகளை வெட்டி ஒட்டி, ஒரு மான்டோ ரொட்டியால் வந்த கொலை வழக்கு என்று கேலிப்படம் செய்து இணையத்தில் விட்டார். மூலப் படத்தைவிடக் கேலிப்படத்தின் கதை கோவையாக இருக்கிறது என்று சிரித்தவர்கள் பலர்.

'ஃப்ளையிங் டேகர்ஸ்' படத்தில் நடுநிலையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்தில் தொடங்கும் இறுதிச் சண்டை பனிப்பொழிவில் முடிகிறது. உக்ரைனில் படப்பிடிப்பு நடந்தபோது எதிர்பாராமல் பனி முன்கூட்டியே விழுந்ததால் அப்படி ஆயிற்று, அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. ஆனால் அரசுப் படை கலகக்காரர்களின் இருப்பிடத்தை நோக்கி மூங்கில் காட்டுக்குள் முன்னேறுவதைக் காட்டிவிட்டு, அந்தப் போர் என்ன ஆயிற்று என்று சொல்லாமலே படம் முடிகிறது. மூவரின் காதலுக்கு அது போதும் என்று சிலர் வாதிடுவார்கள். இரண்டு மணி நேரம் அந்தக் கலகத்தை நம்பவைத்துவிட்டுக் கைவிடுவது கதைசொல்லலில் ஒரு ஓட்டைதான் என்பது என் முடிவு.

'கர்ஸ் ஆஃப் த கோல்டன் ஃப்ளவர்' விஷயம் வேறு. ட்சாவ் யூ எழுதிய 'இடிமழை' என்ற நாடகத்தின் குடும்பக் கதையை அரண்மனைக்குள் கொண்டுவந்த படம் இது, ஆகவே கதைக்குப் பஞ்சம் இல்லை. முதல் பாதியில், குறித்த நேரம் தவறாமல் அரசிக்கு மருந்துக் கிண்ணம் வருவதும், அதில் நஞ்சு இருப்பது தெரிந்தும் அவள் குடிக்க வேண்டியிருப்பதும் போதுமான அச்சத்தைத் தருகின்றன. முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் மோதும் போர்க் காட்சிதான் நீளமும் இரைச்சலுமாகக் கதையை அமுக்குகிறது. ஆனால் போர் முடிந்த உடனே எழுந்து போகாதீர்கள். பணியாளர்கள் வந்து ரத்தத்தைக் கழுவி, கம்பளம் விரித்து, நசுங்கிய சாமந்திகளுக்குப் பதில் புதிய பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து, எதுவும் நடக்காததுபோல் திருவிழாவைத் தொடங்குகிறார்கள். போரைப் பாதியாகக் குறைத்து இந்தக் காட்சியை இன்னும் நீட்டியிருக்கலாம்.

7. செலவைத் திட்டமிடுங்கள்

ஒரே தளத்தில் எல்லாப் படமும் இருக்காது, இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் பட்டியலை எழுதி, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தேடி முடித்த பிறகு, அதிகப் படங்கள் உள்ள ஒரு தளத்துக்கு ஒரு மாதம் மட்டும் பணம் கட்டுங்கள். ஆண்டுச் சந்தா இந்த வேலைக்குத் தேவையில்லை. மீதியைத் தனித்தனியே வாடகைக்கு எடுத்தால் போதும். வாடகைப் பிரதியைத் திறந்த பிறகு பார்த்து முடிக்கக் கால வரம்பு இருக்கும் என்பதால், பார்க்கும் நாளன்றே எடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் பணம் கட்டிய அன்றே நிறுத்திவிடுங்கள்.

டிஸ்க் வாங்குவதாக இருந்தால், அது எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். புளூ-ரேயில் அமெரிக்கா, கனடா, ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை ஏ மண்டலம்; பிரிட்டனும் ஐரோப்பாவும் பி; இந்தியா சி. டிவிடியில் இந்தியாவின் எண் 5, ஹாங்காங்கின் எண் 3. பழைய கிங் ஹூ படங்களின் நல்ல பதிப்புகள் பெரும்பாலும் ஏ அல்லது பி மண்டலத்தில்தான் கிடைக்கின்றன, இந்தியாவில் வாங்கிய சாதாரணக் கருவியில் அவை ஓடாது. எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் என்று ஒரு விற்பனையாளர் உறுதி சொல்லி அனுப்பிய டிஸ்க் என் கருவியில் ஓட மறுத்தது. அஞ்சல் செலவும் சுங்கவரியும் போனது போனதுதான். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்குப் பொதுவாக மண்டலத் தடை இல்லை. அவற்றின் விலையும் அதற்கான கருவியின் விலையும் அதிகம் என்பதால், பத்துப் படங்களையாவது பார்த்து இந்த வகை உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு யோசியுங்கள்.

8. வரிசையும் நேரமும்

வாரத்துக்கு ஒரு படம் என்ற வேகம் போதும். அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால் மூங்கில் காடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் 'க்ரௌச்சிங் டைகர்', அடுத்து 'ஹீரோ', பிறகு 'ஃப்ளையிங் டேகர்ஸ்' (119 நிமிடம்). இந்த மூன்றும் முடிந்த பிறகு 'டிராகன் இன்' படத்துக்குப் போங்கள். புதிய படங்களின் பளபளப்புக்குப் பிறகு அதன் எளிமை உறைக்கும். ஒரு எல்லைப்புற விடுதி, கொல்ல வந்தவர்களும் காக்க வந்தவர்களும் ஒரே கூரையின் கீழ், மேசைக்கு வரும் மதுவில் நஞ்சு. வாள் உறையை விட்டு வெளிவருவதற்கு முன்பே பாதிச் சண்டை முடிந்திருக்கும். அதன் பிறகு 'ஷேடோ' (116 நிமிடம்). அதில் எதிரியின் கனத்த நீள்வாளை வெல்வதற்காக, தளபதியின் மனைவி குடையைக் கொண்டு பெண்மைச் சாயலுள்ள அசைவுகளைச் செய்து காட்டும் மழைக் காட்சியில் ஐந்தாம் படியின் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

'எ டச் ஆஃப் ஜென்' மூன்று மணி நேரம். முதல் சண்டைக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், விடுமுறை நாளாகப் பாருங்கள். ஒரே மூச்சில் முடியாதென்றால் மூங்கில் காட்டுச் சண்டையோடு நிறுத்துங்கள். தைவானில் இரண்டு பாகங்களாக வெளியிடப்பட்டபோதும் பிரிவு அங்கேதான் விழுந்தது. அந்தச் சண்டை திரையில் பத்து நிமிடம் ஓடுகிறது, எடுப்பதற்கு 25 நாள் பிடித்தது.

'தி அசாசின்' கடைசி. பெயர்த் தாளோடு, இரவில், விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். சண்டைகள் சில நொடிகளில் முடிந்துவிடும், சில சமயம் பாதியிலேயே ஒருவர் திரும்பி நடந்துபோய்விடுவார். ஆளுநர் தன் துணைவியோடு பேசும் அறையில் மெல்லிய பட்டுத் திரைகள் கேமராவின் குறுக்கே அசைந்துகொண்டே இருக்கும். உருவங்கள் தெளிவாவதும் மங்குவதுமாக இருப்பதைப் பார்த்துப் படப்பதிவுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கொல்ல வந்தவள் அந்தத் திரைகளுக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், நாம் பார்ப்பது அவள் கண்ணுக்குத் தெரிவதைத்தான். முதல் முறை பாதி புரிந்தால் போதும். வாடகைக்கு எடுத்திருந்தால் காலக்கெடு முடிவதற்குள் இரண்டாவது முறையும் பார்த்துவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.